கிளட்ச் பெடல் கோளாறு: கியர்பாக்ஸை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

கிளட்ச் சரியில்லை என்று வண்டியை விட்டால், பல ஒர்க்ஷாப்களில் பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு "செட் மாத்திடலாம்" என்று சொல்லிவிடுவார்கள். செட் என்றால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும். மாற்றுவதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கூலியும் நேரமும் பெரும்பாலும் அங்கேதான் போகும். ஆனால் பெடலில் தெரியும் குறைகளில் பல, கியர்பாக்ஸைத் தொடாமலே தீரக்கூடியவை. நைந்த கேபிளாக இருக்கலாம், லைனில் புகுந்த காற்றாக இருக்கலாம், ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்ட கால்மிதியாகக்கூட இருக்கலாம்.

அதனால் அறிகுறி எதுவானாலும், முதலில் விடை தேட வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கோளாறு பெல் ஹவுசிங்குக்கு (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்சை மூடியிருக்கும் கூடு) வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா? பெடல், கேபிள் அல்லது ஹைட்ராலிக் லைன், பெடலின் அசைவை உள்ளே கொண்டுபோகும் ஃபோர்க் லீவர் ஆகியவை வெளியே. ரிலீஸ் பேரிங், பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட், ஃப்ளைவீல் ஆகியவை உள்ளே. எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்தான் ஃப்ளைவீல். பிரஷர் பிளேட் கிளட்ச் பிளேட்டை அதோடு அழுத்திப் பிடிக்கிறது; பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் அந்தப் பிடியை விடுவிக்கிறது. பெடலை மிதிக்கும்போது ஃபோர்க் லீவர் முழுத் தூரமும் நகர்ந்தும் கிளட்ச் விடுபடவில்லை என்றால் குறை உள்ளே. லீவரே சரியாக நகரவில்லை என்றால் முதலில் வெளியே தேடுங்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை?

பானட்டைத் திறந்து பாருங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவரிலிருந்து தடித்த கறுப்புக் கேபிள் ஒன்று வந்து, கியர்பாக்ஸின் மேலே உள்ள லீவரில் மாட்டியிருந்தால் கேபிள் கிளட்ச். மாருதி 800, ஆம்னி, ஆல்டோ எல்லாம் இந்த வகை.

கேபிளுக்குப் பதிலாக மெல்லிய குழாய் ஒன்று கியர்பாக்ஸுக்குப் போனால் ஹைட்ராலிக். பெடல் பக்கம் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ள, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கிளட்சை விடுவிக்கும். இதில் இரண்டு விதம் உண்டு. இன்னோவா போன்ற வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸின் வெளிப்பக்கம் போல்ட் போட்டு நிற்கும். கையால் தொட்டுப் பார்க்கலாம். ஃபோர்டு ஃபியஸ்டா போன்றவற்றில் ஸ்லேவ் சிலிண்டரும் ரிலீஸ் பேரிங்கும் ஒரே பாகமாகப் பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயே இருக்கும். இந்த இரண்டாவது வகையில் ஸ்லேவ் ஒழுகினால், பாகம் சிறியதுதான் என்றாலும் கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும்.

எதற்கும் முன்னால் ஐந்து நிமிட வேலை

கால்மிதியை எடுத்து வெளியே போடுங்கள். கம்பெனி மேட்டின் மேல் தடித்த ரப்பர் மேட், அதன் மேல் இன்னொன்று என்று போட்டிருந்தால் பெடல் கடைசி ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தூரம் போகாது. கிளட்ச் முழுதாக விடுபடாமல் ரிவர்ஸ் கியர் கரகரக்கும். மேட்டை எடுத்ததும் சரியானால் வேலை முடிந்தது.

எஞ்சினை நிறுத்திவிட்டு, பெடலைக் காலால் அல்லாமல் விரலால் அழுத்துங்கள். முதலில் எதிர்ப்பே இல்லாமல் கொஞ்ச தூரம் போய், பிறகு கனம் தெரியும். அந்தக் கொஞ்ச தூரம்தான் ஃப்ரீ பிளே. சிறிய கேபிள் வண்டிகளில் இது பெடல் முனையில் ஏறத்தாழ 15 முதல் 25 மி.மீ. இருக்கும், ஹைட்ராலிக்கில் 5 முதல் 15 மி.மீ. வரை. சரியான அளவு மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதி.

அடுத்து, கியர் எல்லாவற்றையும் எஞ்சின் நின்ற நிலையில் போட்டுப் பாருங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால் குறை கிளட்சில் இல்லை. கியர் லிங்கேஜ், கியர் கேபிள் பக்கம் தேட வேண்டும். நின்றால் வழுக்கிக்கொண்டு விழுகிறது, ஓடினால் மட்டும் முரண்டுபிடிக்கிறது என்றால் கிளட்ச் விடுபடவில்லை என்று பொருள். ஒரே ஒரு கியர் மட்டும், உதாரணமாக இரண்டாவது மட்டும் கரகரத்தால், அது கியர்பாக்ஸுக்குள் கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோனைசரின் தேய்மானம். அதற்குக் கிளட்ச் செட் மாற்றி ஏமாந்தவர்கள் நிறைய.

பெடல் திடீரென்று தரையோடு போய் ஒட்டிக்கொண்டது

கேபிள் வண்டி என்றால் பத்தில் ஒன்பது முறை யோசிக்கவே வேண்டாம், கேபிள் அறுந்திருக்கும். பொதுவாகப் பெடல் கொக்கி மாட்டும் முனையிலோ லீவர் முனையிலோதான் இழை இழையாகப் பிய்ந்து கடைசியில் அறும். ஓரிரு வாரம் முன்பே பெடல் கனமாகி, அழுத்தும்போது நெறுநெறுவென்று உணர்த்தியிருக்கும். கேபிள் முழுசாக இருக்கிறதென்றால், அது மாட்டியிருக்கும் தகட்டுச் சுவரைப் பாருங்கள். பழைய வண்டிகளில் அந்த இடம் துருப்பிடித்தோ வெடித்தோ, பெடலை மிதிக்கும்போது சுவரே முன்னால் உப்பும். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் பானட் பக்கம் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். இதற்கு வெல்டிங்தான் வழி. எத்தனை புதுக் கேபிள் போட்டாலும் நிற்காது.

ஹைட்ராலிக் வண்டி என்றால் முதலில் பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பல மாடல்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான். கிளட்சுக்குப் போகும் குழாய் அதில் மேலே பொருத்தப்பட்டிருக்கும். கிளட்ச் பக்கம் ஒழுகினாலும் பிரேக்குக்குக் கொஞ்சம் மிஞ்சட்டும் என்ற ஏற்பாடு அது. அதனால் கிளட்ச் தரைக்குப் போன பிறகும் பிரேக் பிடிக்கும். ஆனால் அதை நம்பி நெடுந்தூரம் ஓட்டக்கூடாது.

எங்கே ஒழுகுகிறது என்று தேட மூன்று இடங்கள்:

ஓட்டுநர் கால்வைக்கும் இடத்தில், பெடலின் புஷ்ராடு (தள்ளும் கம்பி) மாஸ்டர் சிலிண்டருக்குள் நுழையும் இடம். அங்கே விரலை வைத்துத் தடவுங்கள். ஈரமாக இருந்தால் மாஸ்டரின் பின் சீல் போய்விட்டது. சில வண்டிகளில் கார்ப்பெட் நனைந்த பிறகே கவனிக்கிறார்கள்.

வெளியே இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறை. ஓரத்தைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் கசிந்தால் ஸ்லேவ் போச்சு.

பெல் ஹவுசிங்கின் அடிப்பகுதி. அங்கே சொட்டும் எண்ணெய் எது என்று கண்டுபிடிப்பது முக்கியம். பிரேக் ஆயில் மெல்லியதாக, வெளிர் மஞ்சளாக இருக்கும். தண்ணீரில் கழுவினால் போய்விடும். எஞ்சின் ஆயில் கறுத்து வழுவழுப்பாக இருக்கும். கியர் ஆயில் கெட்டியாக, கந்தக வாடையோடு இருக்கும். பிரேக் ஆயில் என்றால் உள்ளே இருக்கும் ஸ்லேவ். மற்ற இரண்டும் என்றால் ஆயில் சீல். அதைப் பற்றிக் கீழே உதறல் பகுதியில் வருகிறது.

பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது, இரண்டு மூன்று முறை அடித்தால் கியர் விழுகிறது

இது ஹைட்ராலிக் வண்டிகளின் தனிக் குறை. பெடலைப் பலமுறை வேகமாக மிதித்தால் நிலைமை தேறுகிறது என்றால், ஒன்று லைனில் காற்று இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் அழுத்தத்தைத் தாங்கவில்லை. இரண்டையும் பிரிப்பது சுலபம்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, சுற்றிலும் ஆளில்லாத இடமாகப் பார்த்து, எஞ்சின் ஓடும்போது பெடலை அடிவரை மிதித்து முதல் கியர் போடுங்கள். பிரேக்கின் மேல் கால் தயாராக இருக்கட்டும். பெடலை அசைக்காமல் அரை நிமிடம் பிடித்திருங்கள். வண்டி தானாக முன்னால் நகரத் தொடங்கினாலோ, பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினாலோ மாஸ்டரின் உள் சீல் கசிகிறது. வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. டப்பாவில் அளவும் குறையாது. அதனால்தான் இந்தக் குறையைக் கண்டுபிடிக்காமல் காற்றை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பார்கள். நகராமல் நின்று, ஆனால் பெடல் மட்டும் கொழகொழவென்று இருந்தால் காற்று.

இன்னும் உறுதி வேண்டுமென்றால், ஸ்லேவுக்குப் போகும் ரப்பர் ஹோஸை அதற்கென்று உள்ள மொட்டை முனைக் கிளாம்பால் மெதுவாக இறுக்கி, பெடலை மிதியுங்கள். பெடல் உடனே கெட்டியாகி நின்றால் மாஸ்டர் நல்லது, குறை அதற்கு அப்பால். அப்போதும் இறங்கினால் மாஸ்டர்தான். சாதாரணக் குறட்டால் இதைச் செய்தால் ஹோஸ் உள்ளே கிழியும். உலோக இழை பின்னிய ஹோஸில் செய்யவே கூடாது.

வெளியே ஸ்லேவ் உள்ள வண்டியில் மூன்றாவது சோதனையும் உண்டு. ஒருவர் பெடலை முழுதாக மிதிக்க, ஸ்லேவின் புஷ்ராடு எவ்வளவு தள்ளுகிறது என்று ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். பொதுவாக 12 மி.மீ. சுற்றி இருந்தால் நகர்வு போதும். பாதிதான் நகர்கிறது என்றால் ஹைட்ராலிக்கில் குறை. முழுதாக நகர்ந்தும் கியர் விழவில்லை என்றால் இந்தப் பகுதியை விட்டுவிட்டு அடுத்ததைப் படியுங்கள்.

காற்று எடுக்கும் முறை. இரண்டு பேர் வேண்டும். டாட் 3 அல்லது டாட் 4 ரகப் பிரேக் ஆயில், டப்பாவின் மூடியில் எது போட்டிருக்கிறதோ அது, புதிதாகத் திறந்த பாட்டில். கிளட்சுக்கு மட்டும் அரை லிட்டரே அதிகம்.

1. டப்பாவை மேல் கோடு வரை நிரப்புங்கள். பக்கத்தில் ஒருவாளித் தண்ணீர் இருக்கட்டும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே ஊற்றிக் கழுவ வேண்டும், துடைத்தால் மட்டும் போதாது.
2. ஸ்லேவின் பிளீடர் நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் விட்ட பாட்டிலில் மூழ்க வையுங்கள். நிப்பிளுக்கு ரிங் ஸ்பேனர்தான்; திறந்த ஸ்பேனர் மூலையை மழுக்கிவிடும்.
3. உள்ளே இருப்பவர் பெடலை மெதுவாக அடிவரை மிதித்துப் பிடிக்கட்டும். வேகமாகப் பம்ப் செய்தால் காற்று சிறு சிறு குமிழியாக உடைந்து கலந்துவிடும், பிறகு எடுப்பது கடினம்.
4. நிப்பிளைக் கால் சுற்று திறவுங்கள். குமிழியோடு ஆயில் வரும். நின்றதும் மூடுங்கள்.
5. மூடிய பிறகே பெடலை விட வேண்டும். அது தானாக எழாவிட்டால் கையால் தூக்கிவிடுங்கள். சில விநாடி விட்டு மறுபடி மூன்றிலிருந்து.
6. நாலைந்து முறைக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். கிளட்ச் குழாய் மேலே இருப்பதால் ஆயில் பாதிக்குக் கீழே இறங்கும் முன்பே காற்று உள்ளே போய்விடும். இந்த வேலை பாதியில் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

இருபது முறைக்கு மேல் செய்தும் பஞ்சு போகவில்லை என்றால் பம்ப் செய்வதை நிறுத்துங்கள். மாஸ்டரிலிருந்து லைன் மேல்நோக்கி வளைந்து போகும் வண்டிகளில் காற்று அந்த வளைவில் தங்கிவிடும். நிப்பிள் வழியாகப் பெரிய சிரிஞ்சால் ஆயிலைக் கீழிருந்து மேலாகத் தள்ளினால் காற்று டப்பாவுக்கு ஏறி வந்துவிடும். டப்பா வழியாமல் இருக்க முதலில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஸ்லேவைக் கழற்றித் தொங்கவிட்டிருக்கும்போது யாரும் பெடலைத் தொடக்கூடாது. பிஸ்டன் வெளியே வந்து விழும். பிரேக் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு முறை ஊற்றிவிட்டால் ரப்பர் சீல் எல்லாம் உப்பிவிடும். பிறகு காற்றெடுத்துப் பயனில்லை, பிரேக்கும் அதே டப்பா என்றால் பிரேக் சீல்களும் சேர்ந்தே போகும்.

பெடல் சரியாக இருக்கிறது, லீவரும் நகர்கிறது, ஆனாலும் கியர் விழ மறுக்கிறது

எஞ்சினை ஐடிலில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல்) விட்டு, பெடலை அடிவரை மிதித்து, ஐந்து விநாடி எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸ்தான் நல்ல சாட்சி. பல வண்டிகளில் அதற்கு சிங்க்ரோனைசர் கிடையாது. அந்த ஐந்து விநாடியில், கிளட்ச் பிளேட்டிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் உள் ஷாப்ட் சுழல்வது நின்றிருக்க வேண்டும். அப்போதும் கரகரத்தால் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலை முழுசாக விடவில்லை.

உள்ளே இருக்கக்கூடிய காரணங்கள்: வளைந்த கிளட்ச் பிளேட், ஷாப்ட்டின் ஸ்பிளைனில் (நீளவாக்கில் வெட்டிய பற்களில்) துருப்பிடித்து நகராமல் நிற்கும் பிளேட் மையம், வளைந்த அல்லது பந்து முனையிலிருந்து நழுவிய ஃபோர்க், விரல்கள் தேய்ந்த அல்லது உடைந்த டயாஃப்ரம் (பிரஷர் பிளேட்டில் விரல் விரலாக இருக்கும் வட்ட ஸ்பிரிங்). புதுச் செட் போட்ட மறுநாளே இந்தக் குறை வந்தால் பிளேட்டைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்ற சந்தேகம் முதலில் வர வேண்டும். எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று பெரும்பாலான பிளேட்டில் அச்சிட்டே வருகிறது. அவசரத்தில் யாரும் படிப்பதில்லை.

நீரில் நின்ற வண்டிகளுக்கு இன்னொரு காரணம் உண்டு. 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீரில் மூழ்கிய வண்டிகள் போல, வாரக்கணக்கில் ஈரத்தில் நின்றால் பிளேட் துருவால் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். பெடல் கச்சிதமாக இருக்கும். கியர் மட்டும் விழவே விழாது. எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு திறந்த மைதானத்தில், எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, முதல் கியரில் போட்டு, பெடலை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி உடனே நகரும். பெடலை விடாமலே ஆக்சிலேட்டரை விட்டு விட்டுக் கொடுத்தும் லேசாகப் பிரேக் தொட்டும் போனால் ஒரு குலுக்கலோடு விடுபடும். பிரேக் பிடித்து நிற்பதைச் சோதிக்காமல் இதைத் தொடங்கக்கூடாது. நாலைந்து முயற்சியில் விடாவிட்டால் நிறுத்திவிட்டு கியர்பாக்ஸை இறக்குங்கள். விட்டுவிட்டாலும் ரிலீஸ் பேரிங்கின் கிரீஸ் கழுவப்பட்டிருக்கும், சில மாதத்தில் சத்தம் போடும்.

பெடல் மேலே வந்துதான் பிடிக்கிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை

இதுதான் ஸ்லிப். ஆக்சிலேட்டரைக் கொடுத்தால் எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. சமதரையில் மறைந்திருக்கும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ வால்பாறைப் பாதையின் 40 வளைவுகளிலோ ஆள் நிறைத்துக்கொண்டு ஏறினால் தானே வெளிவரும்.

ரோட்டில் சோதிக்க: நேரான காலிச் சாலையில் டாப் கியரில் 50 கி.மீ. வேகத்தில் போய், ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். எஞ்சின் சுழற்சியைக் காட்டும் டேக்கோமீட்டர் முள் வேகத்தை விட்டுத் தனியாகத் துள்ளினால் ஸ்லிப். நின்ற இடத்தில் சோதிக்க: ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் பிடித்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சைச் சீராக விடுங்கள். எஞ்சின் உடனே அணைந்தால் பிடிப்பு நல்லது. தடுமாறி ஓரிரு விநாடி கழித்து அணைந்தால் தேய்ந்திருக்கிறது. அணையாமல் ஓடினால் முடிந்தது கதை. ஒருமுறை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் இருக்கிற பிளேட்டையும் எரித்துவிடுவீர்கள்.

கேபிள் வண்டியில் ஸ்லிப் என்றதும் செட்டுக்குப் போகாதீர்கள். முதலில் ஃப்ரீ பிளே. இங்கே பலரும் தலைகீழாக நினைக்கும் விஷயம் ஒன்று உண்டு: கேபிள் நீண்டால் ஃப்ரீ பிளே கூடும், பிளேட் தேய்ந்தால் ஃப்ரீ பிளே *குறையும்*. பிளேட் மெலியும்போது பிரஷர் பிளேட் ஃப்ளைவீல் பக்கம் நகர்கிறது, டயாஃப்ரம் விரல்கள் எதிர்ப்பக்கம், அதாவது ரிலீஸ் பேரிங்கை நோக்கி வருகின்றன. ஃப்ரீ பிளே பூஜ்யமானால், நீங்கள் காலை எடுத்த பிறகும் பேரிங் விரல்களை லேசாக அழுத்திக்கொண்டே இருக்கும். பாதி மிதித்தபடி ஓட்டுவதும் அதுவும் ஒன்றுதான். பிளேட்டில் இன்னும் உயிர் இருந்தாலும் ஸ்லிப் ஆகும். பேரிங்கும் சீக்கிரம் போகும்.

சரிசெய்ய, கியர்பாக்ஸ் பக்கம் லீவரில் கேபிளின் மரைமுனையைப் பிடியுங்கள். கேபிள் முறுக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்ட் நட்டைத் திருப்பி, லீவர் முனையில் 2 முதல் 4 மி.மீ. ஆட்டம் வரச் செய்யுங்கள். பெடலைப் பத்து முறை மிதித்துவிட்டு மறுபடி அளந்து, பிறகே லாக் நட்டை இறுக்க வேண்டும். போதிய ஆட்டம் வந்தும் ஸ்லிப் நிற்கவில்லை என்றால் பிளேட் தேய்ந்துவிட்டது, அல்லது அதன்மேல் எண்ணெய் பட்டிருக்கிறது. தளர்த்த மரையே மிச்சமில்லை என்றாலும் அதே முடிவுதான்.

ஹைட்ராலிக் வண்டியில் பெடல் மேலே பிடிப்பதை வைத்து பிளேட்டைக் கணிக்க முடியாது. தேய்மானத்தை ஆயில் தானாக ஈடுகட்டிவிடும். பிளேட் தேயத் தேய ஸ்லேவ் பிஸ்டன் பின்னால் தள்ளப்பட்டு டப்பாவில் அளவு இம்மியளவு ஏறும். பிரேக்கில் நடப்பதற்கு நேர் எதிர். எனவே ஹைட்ராலிக்கில் ரோடு சோதனை ஒன்றே நம்பத்தக்கது. ஒரு விதிவிலக்கு: மாஸ்டர் புஷ்ராடை யாராவது நீட்டி அட்ஜஸ்ட் செய்திருந்தால், ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் துளை மூடியே இருக்கும். வண்டி சூடானதும் ஸ்லிப், ஆறியதும் சரி என்று வந்தால் அங்கே பாருங்கள். புஷ்ராடில் 1 மி.மீ. அளவாவது ஆட்டம் இருக்க வேண்டும்.

பெடல் கனமாகிவிட்டது

கேபிளைக் கழற்றிவிட்டுப் பெடலை மட்டும் ஆட்டுங்கள். லேசாக ஆடினால் பெடல் புஷ் (பெடல் திரும்பும் அச்சின் உறை) நல்லது. பிறகு கேபிளைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். உரசினால் மாற்ற வேண்டியதுதான். ஆல்டோ போன்ற வண்டிக்குக் கேபிள் சில நூறு ரூபாய். ஆயில் விட்டு ஒப்பேற்றுவதில் லாபமில்லை. நைலான் உள்ளுறை உள்ள கேபிளுக்கு ஆயில் விட்டால் தூசு சேர்ந்து இன்னும் மோசமாகும். புதுக் கேபிளைப் பழைய பாதையிலேயே, கூர்மையான வளைவில்லாமல், சைலன்சரின் சூட்டிலிருந்து விலக்கிக் கொண்டுபோக வேண்டும். கனமான பெடல் பல நேரம் கேபிள் மாற்றியவர் செய்த வளைவில்தான் பிறக்கிறது.

கேபிளும் நல்லது, ஆனாலும் கனம் என்றால் உள்ளே: பேரிங் சறுக்கும் குழாய் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கலாம், ஃபோர்க்கின் பந்து முனையில் கிரீஸ் வற்றியிருக்கலாம். பிளேட் நன்றாகத் தேய்ந்தாலே டயாஃப்ரம் விரல்களின் கோணம் மாறிப் பெடல் கனக்கும். வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதால் ஓட்டுபவருக்குத் தெரியாது. வேறு ஒருவர் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இதை எப்படி ஓட்டுறீங்க?" என்று கேட்கும்போதுதான் தெரியும்.

கிளம்பும்போது வண்டி உதறுகிறது

செட்டைக் குறைசொல்லும் முன் எஞ்சின் மவுண்டைப் பாருங்கள். பானட்டைத் திறந்து, காலால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, முதல் கியரில் கிளட்சை லேசாக விட்டுப் பிடியுங்கள்; அப்படியே ரிவர்ஸிலும். வெளியே பக்கவாட்டில் நிற்பவர் எஞ்சினைக் கவனிக்கட்டும். முன்னுக்கும் பின்னுக்கும் எகிறினால் மவுண்ட் கிழிந்திருக்கிறது. கியர்பாக்ஸை இறக்காமல் தீரும்.

மவுண்ட் நல்லது என்றால் பிளேட்டில் எண்ணெய், அல்லது ஃப்ளைவீலில் சூடேறி நீலம் பாய்ந்த திட்டுகள். எண்ணெய் வரும் வழி இரண்டு: கிராங்க் ஷாப்ட்டின் பின் ஆயில் சீல், கியர்பாக்ஸ் உள் ஷாப்ட் சீல். சீலை மாற்றாமல் புதுப் பிளேட் போட்டால் அதுவும் நனையும். எண்ணெய் ஊறிய பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிப் போடுவது வேலைக்காகாது. பிளேட்டில் உராயும் பகுதியான லைனிங்குக்குள் ஊறியது சூட்டில் மறுபடி கசியும். திட்டு விழுந்த ஃப்ளைவீலை லேத்தில் முகம் எடுக்கலாம் (மேற்பரப்பைச் சீவிச் சமமாக்கலாம்), குறைந்தபட்சத் தடிமன் மிஞ்சினால். இரண்டு பகுதிகளை ஸ்பிரிங்கால் இணைத்த டூயல் மாஸ் ஃப்ளைவீலுக்கு அது பொருந்தாது. அதை மாற்றத்தான் வேண்டும்.

சத்தம்

கியர் நியூட்ரல், எஞ்சின் ஐடில். பெடலைத் தொட்டதும் சத்தம் வந்து, விட்டதும் நின்றால் ரிலீஸ் பேரிங். பெடல் மேலே இருக்கும்போது சத்தம் வந்து, மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் உள் ஷாப்ட் பேரிங். இதற்குக் கிளட்ச் செட் மாற்றினால் சத்தம் அப்படியே இருக்கும். எஞ்சின் நின்றிருக்கும்போதே பெடல் கீச்சிட்டால் பெடல் புஷ் காய்ந்திருக்கிறது; கொஞ்சம் கிரீஸ் போதும்.

பெடல் பாதியில் நிற்கிறது, மெதுவாகத் திரும்புகிறது

கேபிளில் உரசல், உடைந்த ரிட்டர்ன் ஸ்பிரிங், காய்ந்த பெடல் புஷ் என்ற வரிசையில் பாருங்கள். ஹைட்ராலிக்கில் உப்பிய சீல், அடைபட்ட ஹோஸ், பழைய ஆயில். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நெரிசலில் சூடாகும்போது மட்டும் பெடல் தொய்ந்தால் ஆயிலை மாற்றுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

வழியில் கிளட்ச் போய்விட்டால்

பெடல் தரையில் கிடக்கிறது, இழுத்துப்போக ஆளில்லை என்றால், எஞ்சினை நிறுத்தி முதல் கியரில் போட்டு ஸ்டார்ட் செய்தால் வண்டி குதித்துக் கிளம்பும். முன்னால் காலியிடம் வேண்டும். ஓடத் தொடங்கியதும் ஆக்சிலேட்டரை விட்டு, கியரை நியூட்ரலுக்கு இழுத்து, ஒரு கணம் ஆர்பிஎம் இறங்கவிட்டு, இரண்டாவதை மெல்ல அழுத்தினால் வேகம் ஒத்துவரும் இடத்தில் விழும். நிறுத்த, நியூட்ரலுக்கு இழுத்து பிரேக். நெரிசலிலும் மலைப்பாதையிலும் இதை முயலவே கூடாது. ஹைட்ராலிக் வண்டி என்றால் கிளம்பும் முன் பிரேக் பெடலையும் டப்பாவையும் பாருங்கள். பிரேக் ஆயிலும் குறைந்திருந்தால் அங்கேயே நிற்பதுதான் சரி.

செட் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

பிளேட்டை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்காதீர்கள். மூன்றும் சேர்ந்தே மாற வேண்டும். ஸ்லேவ் உள்ளே இருக்கும் வண்டி என்றால் அதுவும். கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போது இரண்டு ஆயில் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள், ஃபோர்க்கின் பந்து முனைக்குக் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். ஸ்பிளைனில் கிரீஸ் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். அள்ளி வைத்தால் சுழற்சியில் தெறித்துப் புதுப் பிளேட்டில்தான் போய் விழும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிர் எதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை வாங்கிப் பாருங்கள்: லைனிங் ரிவெட் தலைவரை தேய்ந்திருக்கிறதா, எண்ணெய் படிந்திருக்கிறதா, விரல் நுனிகள் பளபளவென்று குழிந்திருக்கின்றனவா? எண்ணெய் படிந்திருந்து சீல் மாற்றப்படவில்லை என்றால், வண்டியை எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். முதல் 500 கி.மீ. வரை ஏற்றத்தில் ஆஃப் கிளட்சில் (பெடலைப் பாதி மிதித்தபடி) நிறுத்தாமல், பாரம் ஏற்றாமல் ஓட்டினால் புது லைனிங் ஃப்ளைவீலோடு சீராகப் படியும். கேபிள் வண்டி என்றால் அதன் பிறகு ஃப்ரீ பிளேயை மறுபடி ஒருமுறை அளந்து வையுங்கள்.